ஹகோனேயா, குசாட்சுவா? அப்பா அம்மாவோடு வெந்நீர் ஊற்று விடுதிக்கு

கேள்வி: கணவரின் வேலைக்காக டோக்கியோ வந்து ஒரு வருடமாக நிஷி-கசாயில் இருக்கிறோம். நவம்பரில் கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். மலைப்பக்கம் பழைய வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் அவர்களை இரண்டு ராத்திரி தங்க வைக்க ஆசை. அப்பாவுக்கு 68 வயது. முழங்கால் வலி உண்டு, பி.பி. மாத்திரை போடுகிறார். அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். பொதுக்குளியல் என்றதுமே "நான் வரலைம்மா" என்கிறாள். குசாட்சுவில் ஒரு மர விடுதியின் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஓர் இரவுக்கு 28,000 யென் என்று போட்டிருக்கிறது. பதிவு செய்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், டோக்கியோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கொஞ்சம் பொறுங்கள், இன்னும் பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் அந்த 28,000 யென் யாருக்கு என்று பாருங்கள். ரியோகான் எனப்படும் இந்த விடுதிகளில் கட்டணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதில் அடக்கம். நீங்கள் பார்த்தது தலைக்கு என்றால் நாலு பேருக்கு ஓர் இரவுக்கு 1,12,000 யென், இரண்டு இரவுக்கு 2,24,000. குளியல் வரி என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 150 யென் அளவில் தனியாகவும் வாங்குவார்கள். கணவரும் நீங்களும் உட்கார்ந்து இதைப் பேசி முடித்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

குசாட்சு அருமையான ஊர். 1,200 மீட்டர் உயரம். ஊர் நடுவில் யுபடாகே என்ற இடத்தில் மரக்கால்வாய்களில் வெந்நீர் ஆவி பறக்க ஓடும். ஊர் முழுவதுமாகச் சேர்த்து நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் தானாகவே பொங்கி வருகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் எலுமிச்சைச் சாறு மாதிரி புளிப்பு. அமில அளவு (pH) 2-ஐ ஒட்டி இருக்கும். வெடித்த குதிகாலிலும் சின்னக் கீறலிலும் சுரீர் என்று பிடிக்கும். கந்தகமும் உண்டு. அம்மா காலில் மெட்டி போட்டிருப்பார்கள் அல்லவா? கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். தாலிச் சங்கிலியில் கலந்திருக்கும் செம்பும் மங்கலாம். கழற்றி வையுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். பயணமும் லேசில்லை: டோக்கியோவின் உவெனோ நிலையத்திலிருந்து இரண்டரை மணி நேர ரயில், பிறகு மலையேறும் பேருந்து. நீங்களும் கணவரும் மட்டும் போகும்போது குசாட்சுவை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறைக்கு ஹகோனே என்பேன். ஷின்ஜுகுவிலிருந்து ஒடக்யு நிறுவனத்தின் ரொமான்ஸ்கார் ரயில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஹகோனே-யுமோட்டோவில் இறக்கிவிடும். நடுவில் மாற வேண்டியதில்லை. அங்கிருந்து சின்ன மலை ரயில், முன்னும் பின்னுமாகத் திசை மாற்றி மாற்றி கோரா வரை ஏறும். அப்பாவுக்கு அது நிச்சயம் பிடிக்கும். யுமோட்டோ, டோனோசாவா, மியானோஷிதா பக்கத்து நீர் பெரும்பாலும் தெளிந்த, சாதுவான நீர். கோராவிலும் செங்கோகுஹாராவிலும் சில விடுதிகளுக்கு ஓவாகுதானி எரிமலைப் பள்ளத்தின் வெள்ளை நிறக் கந்தக நீர் வருகிறது. மெட்டிக்காக அதைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்த விடுதி என்பதை இணையத்துப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் நாலு பேரில் யாருக்குச் சிரமம் அதிகமோ அவர்களுக்குச் சரிப்படுகிற விடுதிதான் உங்கள் விடுதி. டோனோசாவாவில் ஹயகாவா ஆற்றங்கரையில் நூறு வருடத்துக்கும் மேலான மர விடுதிகள் இருக்கின்றன, பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் அந்தக் காலத்துக் கட்டடங்களில் பெரும்பாலும் லிஃப்ட் இருக்காது, படி செங்குத்தாக இருக்கும், சில அறைகளுக்குக் கழிப்பறையும் வெளியே. முழங்கால் வலிக்காரரை அங்கே கூட்டிப் போய்விட்டு, ராத்திரி இரண்டு முறை எழுந்திருக்கும்போது அவர் சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்க்க உங்களுக்குத்தான் மனசு கேட்காது. லிஃப்ட் உள்ள விடுதியில், பாய் விரித்த தடாமி பகுதியும் கட்டிலும் சேர்ந்தே இருக்கும் வாயோஷிட்சு வகை அறையாகக் கேளுங்கள். சாப்பிடும் இடத்திலும் நாற்காலி, மேஜை உண்டா என்று விசாரியுங்கள். மறந்துபோகிற இன்னொன்று, குளியலறை முக்காலி. தொட்டியில் இறங்குமுன் எல்லோரும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயர முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அதில் உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் அப்பாவுக்குப் பாடு. உயரமான முக்காலி, கைப்பிடிக் கம்பி இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

அம்மாவின் கூச்சம் நியாயமானது. பொதுத் தொட்டியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம்தான், ஆனாலும் துணியோடு இறங்க விடமாட்டார்கள். ஒன்று, அறையோடு சேர்ந்த வெந்நீர்த் தொட்டி உள்ள அறை எடுங்கள். விலை கூடும், ஆனால் விடிகாலையில் கதவைச் சாத்திக்கொண்டு மலையைப் பார்த்தபடி அம்மா நிம்மதியாக உட்காரலாம். அது கட்டுப்படியாகாவிட்டால் கஷிகிரி-புரோ எனப்படும் தனிக் குளியல் உள்ள விடுதி. முக்கால் மணி நேரம் போல உங்களுக்கென்றே பூட்டிக்கொள்ளலாம். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் இரண்டு மூன்றாயிரம் யென். அப்பா பொதுக்குளியலுக்குப் போவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: பல விடுதிகளில் ஆண், பெண் பகுதிகளை இரவுக்கும் காலைக்கும் இடம் மாற்றிவிடுவார்கள். நேற்றுப் போன வாசல்தானே என்று போகாமல், வாசலில் தொங்கும் திரையில் ஆண், பெண் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நுழையச் சொல்லுங்கள்.

இனி சாப்பாடு. எனக்கு அதிகக் கவலை இதில்தான். சின்னக் கிண்ணத்தில் பூசணித் துண்டும் நாலு கீரைத் தண்டும் அழகாக வரும், பார்த்தால் சைவம். ஆனால் வெந்தது கட்சுவோ மீனைக் காயவைத்துச் சீவிய சீவலின் சாற்றில். மிசோ சூப்பின் அடியில் அதுதான், தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் அதுதான், சோபா நூடுல்ஸுக்கும் அதுதான். "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் வைக்கும் இடங்கள் உண்டு. அதனால் பதிவுக்கு முன்பே ஜப்பானியத் தோழி யாரையாவது வைத்து இப்படி எழுதச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை மூன்றும் கூடாது, கட்சுவோ தாஷியும் (அந்த மீன் சாறு) கூடாது, கொம்பு எனப்படும் கடற்பாசியிலோ ஷீடாகே காளானிலோ எடுத்த தாஷி என்றால் சரி. புத்த கோயில்களின் ஷோஜின் சமையல் மாதிரி என்று சொன்னால் சமையல்காரருக்குச் சட்டென்று விளங்கும். "கொஞ்சம் கஷ்டம்" என்று பதில் வந்தால் அது மறுப்புதான். கெஞ்சாமல் அடுத்த விடுதிக்கு எழுதுங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, சமையல் அதற்கு முன்பே தயாராகிவிடும்.

இரண்டு இரவும் ஒரே விடுதியில் இருங்கள், வயதானவர்களைப் பெட்டியோடு அலைக்கழிக்க வேண்டாம். ஆனால் முதல் இரவுக்கு மட்டும் முழுச் சாப்பாடு, இரண்டாம் இரவுக்குக் காலை உணவு மட்டும் என்று கேட்டுப் பாருங்கள். செலவு இறங்கும். கும்பகோணத்திலிருந்து அம்மா புளிக்காய்ச்சல் கொண்டு வராமல் இருக்கப் போவதில்லை. கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வெறும் சாதப் பாக்கெட் வாங்கி அங்கேயே சூடாக்கிக்கொண்டால் அன்றைய ராத்திரி முடிந்தது. வெளிச்சாப்பாட்டை அறையில் சாப்பிடலாமா என்று மட்டும் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவின் பி.பி. விஷயத்தில் ஊரிலிருந்து கிளம்பும் முன் மருத்துவரிடம் அவசியம் கேட்கச் சொல்லுங்கள். அவர் சரி என்றாலும் 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குளிர்காற்றில் நின்றுவிட்டுச் சட்டென்று கொதிநீரில் இறங்குவதுதான் ஆபத்து. முதலில் காலில், பிறகு இடுப்பில், தோளில் என்று நீரை மொண்டு ஊற்றிக்கொண்டு மெதுவாக இறங்கட்டும். எழும்போதும் அவசரம் கூடாது, தலை சுற்றும். சாப்பிட்ட கையோடு குளியல் வேண்டாம், தனியாகவும் விடாதீர்கள். ஹகோனேயில் எல்லோரும் பார்க்கப் போகும் ஓவாகுதானியில் எரிமலை வாயு வருகிறது. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் வர வேண்டாம் என்றே அங்கு எச்சரிக்கிறார்கள். அப்பாவுக்கு அப்படி எதுவும் இருந்தால் ஹகோனேயின் ஆஷி ஏரியில் படகுச் சவாரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹகோனேயில் இலை சிவப்பது நவம்பர் நடுவிலிருந்து. வெள்ளி, சனி இரவுகளையும், 23-ஆம் தேதி விடுமுறையை ஒட்டிய நாட்களையும் விட்டுவிட்டு ஞாயிறு முதல் வியாழனுக்குள் பாருங்கள். அதே அறை மலிவாகக் கிடைக்கும், குளியலிலும் கூட்டம் இராது. அறைக்குள் விடுவது பெரும்பாலும் மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கு. நாலு மணிக்குள் போய்ச் சேர்கிற மாதிரி ரயில் எடுங்கள். நிலையத்திலிருந்து விடுதி வண்டி வேண்டுமானால் அதையும் பதிவோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள். மூன்று விடுதிகளுக்கு இந்த வாரமே எழுதுங்கள். சாப்பாட்டுக் கேள்விக்கு யார் விவரமாகப் பதில் எழுதுகிறார்களோ அங்கே பணத்தைக் கட்டுங்கள்.