மெம்பிஸுக்கு ஏன் மாதம் 19 டாலர்?

வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிப்பவர், குழந்தைகள் புற்றுநோய் வார்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு செவிலியர்.

கேள்வி: என் மகள் டெக்சாஸில் வேலை பார்க்கிறாள். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் இருக்கும் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனைக்கு அவள் கணக்கிலிருந்து மாதாமாதம் 19 டாலர் போகிறது. "அது பணக்கார நாடு, அங்கே எதற்கு நம் பணம்?" என்று கேட்டேன். "உங்களுக்குப் புரியாதுப்பா" என்று பேச்சை மாற்றிவிட்டாள். சிஸ்டர், முகம் தெரியாத பிள்ளைகளுக்காக இத்தனை பேர் ஏன் கொடுக்கிறார்கள்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஐயா, உங்கள் மகளுக்கென்று ஒரு காரணம் இருக்கும். போனில் சொல்ல வராத காரணமாகக்கூட இருக்கலாம். வார்டில் இருந்த வருடங்களில் எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன்.

பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் பெற்றவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். பிழைத்துவிடுமா? எவ்வளவு செலவாகும்? சில வீட்டுக்காரர்கள் செலவைத்தான் முதலில் கேட்பார்கள். அவர்களை ஒரு நாளும் தப்பாக நினைத்ததில்லை. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், வயதான தாய், கட்ட வேண்டிய வட்டி எல்லாம் அந்த நிமிடம் அவர்கள் கண்முன் வந்து நிற்கும்.

செயின்ட் ஜூட் செய்த பெரிய காரியம், அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கவே விடாமல் செய்ததுதான். சிகிச்சைக்கோ, வந்துபோகும் பயணத்துக்கோ, தங்குவதற்கோ, சாப்பாட்டுக்கோ அங்கே குடும்பத்தின் கையில் பில் கொடுப்பதில்லை. பணக்கார நாடு என்கிறீர்கள். அங்கே இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களே ஆஸ்பத்திரிக் கடனில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த மருத்துவமனையின் செலவில் பெரும்பகுதியைத் தாங்குவது பொதுமக்கள் தரும் நன்கொடை. உங்கள் மகளைப் போல மாதம் கொஞ்சம் கொடுப்பவர்களின் பணமும் அதில் இருக்கிறது.

மருந்துக்குக் கொடுத்தால் சரி, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் எதற்கு நன்கொடை என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டிலிருந்து மூன்று வருடம் சிகிச்சை ஓடும். கீமோ கொடுத்த பிறகு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். வார்டில் இதைக் 'கவுண்ட் இறங்கிடுச்சு' என்போம். அந்த நாட்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டர் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும். தாமதமானால் கிருமி ரத்தம் முழுக்கப் பரவிவிடும். இரவு பதினோரு மணிக்குக் காய்ச்சல் வருகிறது, ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது, முதல் பஸ் காலை ஐந்து மணிக்குத்தான் என்றால் என்ன செய்வது? புற்றுநோய் கட்டுக்குள் வந்த பிறகும் காய்ச்சலில் போன பிள்ளைகள் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சுத்தமான ஓர் அறை, ஒரு சமையலறை, அவசரத்துக்கு ஒரு வண்டி, இவையும் எனக்கு மருந்துக் கணக்கில்தான் சேரும்.

தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தகப்பனார் நினைவுக்கு வருகிறார். கூலி வேலை. பையனுக்கு ஆறு வயது. மருந்து இலவசமாகவே கிடைத்தது. பையனின் உடம்பும் நன்றாகக் கேட்டது. முதல் மாதம் ஆடுகளை விற்றுச் சமாளித்தார். அப்புறம் மனைவியும் பையனும் நகரத்தில் ஒரு வாடகை அறையில், அவரும் இளைய பெண்ணும் ஊரில். வாரக்கூலியில் பாதி பஸ்ஸுக்கே போனது. ஒரு நாள் என்னிடம் வந்து, "கவுண்ட் ஏறிடுச்சா சிஸ்டர்? வீட்டுக்குப் போய்ட்டு வந்துடறோம்" என்றார். அவர்கள் திரும்பி வரவில்லை. எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. நோய் பாதி அடங்கியிருக்கும்போது சிகிச்சையை நிறுத்தினால் அது திரும்ப வரும், வந்தால் முன்பைவிடக் கடினமாக இருக்கும். அந்தத் தகப்பனாருக்கு அது தெரியும், நானே உட்காரவைத்துச் சொல்லியிருந்தேன். தெரிந்தும் போக வேண்டிய நிலைமை அவருக்கு. ஏழை நாடுகளில் பிள்ளைகள் இறப்பதற்கு இப்படிப் பாதியில் நிற்கும் சிகிச்சை ஒரு முக்கியமான காரணம்.

செயின்ட் ஜூட் பிறந்த கதை நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே புரியும், ஏனென்றால் அது ஒரு நேர்த்திக்கடன். டேனி தாமஸ் என்பவர் லெபனானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பெற்றோரின் மகன், மேடை நகைச்சுவைக் கலைஞர். கையில் காசில்லாமல் திண்டாடிய நாட்களில் டெட்ராய்ட்டில் ஒரு தேவாலயத்துக்குப் போய், கைவிடப்பட்டவர்களின் புனிதர் என்று கத்தோலிக்கர்கள் வேண்டுகிற புனித யூதா ததேயுவிடம் எனக்கு வழி காட்டு, உனக்கு ஓர் ஆலயம் எழுப்புகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிறகு பெரிய டிவி நட்சத்திரமானார். வேண்டுதலை மறக்கவில்லை. ஆலயத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாகவே கட்ட முடிவுசெய்தார். 1957-இல் லெபனான், சிரியா வம்சாவளி அமெரிக்கர்களைத் திரட்டி நிதிக்கென்று 'அல்சாக்' என்ற அமைப்பைத் தொடங்கினார். எங்கள் பெற்றோரை ஏற்றுக்கொண்ட நாட்டுக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டாமா என்பதுதான் அவர்களிடம் அவர் வைத்த வேண்டுகோள். 1962 பிப்ரவரி 4 அன்று மருத்துவமனை திறந்தது. நட்சத்திர வடிவக் கட்டடத்தைப் பணம் வாங்காமல் வரைந்து கொடுத்தவர் பால் வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் எல்லாமே தனித்தனி என்றிருந்த தென் மாநிலத்தில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வார்டில் படுத்தார்கள். 1962-இல் இது சின்ன விஷயமே இல்லை.

சரி, கொடுப்பவர்கள் யார்? பிள்ளை பிழைத்த நன்றியில் கொடுப்பவர்கள் உண்டு. ரேடியோவில் ஒரு தாயின் குரலைக் கேட்டு, வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. என்னை அதிகம் யோசிக்க வைத்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் கொடுப்பவர்கள். எங்கள் வார்டுக்கு ஓர் அம்மா வருடாவருடம் ஜூன் மாதம் 500 ரூபாய் அனுப்புவார். ஜூன், மகளுடைய பிறந்த மாதம். அவள் இரண்டாவது முறை நோய் வந்து இறந்துபோனாள். ஏன் அனுப்புகிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. அவரே ஒருமுறை சொன்னார்: "அவளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து சரியா வேலை செய்யலன்னு எழுதி வச்சிருப்பீங்கல்ல? அது அடுத்த பிள்ளைக்கு ஆகட்டும்." பணத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. மகளுடைய கேஸ் ஷீட் யாருக்காவது பயன்பட வேண்டும் என்பதே அவர் வேண்டியது.

கேள்வி: நேரில் தெரிந்த ஒரு குழந்தையின் சிகிச்சைக்குக் கொடுத்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆராய்ச்சிக்குக் கொடுப்பது கடலில் போட்ட மாதிரி தோன்றுகிறதே?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நேரில் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். ஆனால் அந்தக் குழந்தைக்கு இன்று டாக்டர் எழுதும் சீட்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

செயின்ட் ஜூட் திறந்தபோது, பிள்ளைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயில் பிழைத்தவர்கள் நூற்றுக்குச் சுமார் நான்கு பேர். இன்று அந்த மருத்துவமனையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கெல், போலியோவால் பாதிக்கப்பட்டு எழுந்து வந்த இளம் டாக்டர். அந்தக் காலத்தில் மருந்தை ஒவ்வொன்றாகக் கொடுப்பார்கள், நோய் அடங்கும், சில மாதத்தில் திரும்பிவிடும். அவர் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். திரும்பி வரும் நோய் பல நேரம் மூளையைச் சுற்றி ஒளிந்திருப்பதும் தெரிந்தது, ஏனென்றால் ரத்தத்தில் ஏற்றும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. அதனால் முதுகுத் தண்டில் ஊசி, தலைக்குக் கதிர்வீச்சு, பிறகு வருடக்கணக்கில் மாத்திரை என்று முழுத் திட்டம் போட்டார். 1960-களின் கடைசியில் நடந்த ஐந்தாவது ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். இந்த நோயைக் குணப்படுத்த முடியும் என்று அப்போதுதான் டாக்டர்களே பேச ஆரம்பித்தார்கள்.

இந்த மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். நம் வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. ஊசி போடும்போது அம்மாக்களிடம் இதைச் சொல்வேன், அவர்கள் முகம் கொஞ்சம் தெளியும்.

பிழைத்ததோடு வேலை முடியவில்லை. தலைக்குக் கதிர்வீச்சு வாங்கிய பிள்ளைகள் படிப்பில் பின்தங்கினார்கள், வளர்ச்சி குறைந்தது, சிலருக்குப் பின்னாளில் மூளைக்கட்டி வந்தது. அதனால் கதிர்வீச்சே இல்லாமல் குணப்படுத்த முடியுமா என்று பார்த்தார்கள். மருந்துகளைக் கவனமாக அளந்து கொடுத்தால் முடியும் என்று செயின்ட் ஜூட் ஆய்வு 2009-இல் காட்டியது. ஒரு குழந்தை பத்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறது என்றால் அதற்குப் பின்னால் இப்படி ஓர் ஆய்வும் இருக்கிறது.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1980-களில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனமும், அடையாறு புற்றுநோய் நிறுவனம், மும்பை டாடா மெமோரியல், டில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து, நம் பிள்ளைகளுக்குத் தாங்கும்படி எம்சிபி 841 என்ற சிகிச்சை முறையை வகுத்தன. பிழைக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை கண்கூடாக உயர்ந்தது. அடையாறு நிறுவனத்தைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்தார். அன்று கொடுத்தவர்களும் யாருக்குப் போய்ச் சேரும் என்று பார்த்துக் கொடுக்கவில்லை.

கேள்வி: பெரிய மருத்துவமனைகளிடம் ஏற்கெனவே நிறையப் பணம் இருக்கிறதாமே. எதை நம்பிக் கொடுப்பது?
– ஒரு வாசகர், கோவை

பதில்: நியாயமான கேள்வி. செயின்ட் ஜூடையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் அமெரிக்காவின் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம், அங்கே 520 கோடி டாலர் சேமிப்பு நிதி இருக்கும்போதே சில குடும்பங்கள் வேறு செலவுகளுக்காகக் கையிருப்பைக் கரைக்கிறார்கள் என்று எழுதியது. அதையொட்டிக் குடும்பங்களுக்கான பயண உதவிகள் விரிவாயின. கேள்வி கேட்பது நன்கொடைக்கு விரோதமில்லை, கொடுப்பவர் கேட்டால்தான் நிறுவனம் திருந்தும். திருச்சி வாசகரின் மகளும் இதைப் படித்துவிட்டுத் தொடர்வதா என்று முடிவு செய்யட்டும். நான் அவளாக இருந்தால் தொடர்வேன். காரணம், பணம் மெம்பிஸோடு நிற்பதில்லை. உலகத்தில் வருடத்துக்குச் சுமார் நான்கு லட்சம் குழந்தைகளுக்கும் இளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. வசதியான நாடுகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள், பல ஏழை நாடுகளில் முப்பதுகூட இல்லை. அந்த நாடுகளுக்கு மருந்தை இலவசமாகச் சேர்ப்பதற்காக உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 2021-இல் 20 கோடி டாலரை ஒதுக்கியதும் இதே மருத்துவமனைதான்.

இங்கே கொடுக்க நினைத்தால் நான் பார்ப்பது இரண்டு விஷயம். ஆண்டுக் கணக்கைக் கேட்டால் காட்டுகிறார்களா? குடும்பம் தங்க இடம் தருகிறார்களா? இரண்டாவதற்கென்றே மும்பையில் 2006-இல் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் சென்டர்ஸ் இருக்கிறது, சென்னையிலும் உண்டு. பெயர் ஒன்றானாலும் மெம்பிஸ் மருத்துவமனையின் கிளை இல்லை. அழுகிற குழந்தையின் படத்தைப் போட்டு உடனே பணம் அனுப்பச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அந்தக் குழந்தையின் பேரில் நேரடியாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: என் பத்து வயது மகள் பிறந்தநாளுக்குத் தலைமுடியைத் தானம் செய்ய வேண்டும் என்கிறாள். உண்மையிலேயே பயன்படுமா?
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: பயன்படும். எட்டு ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பும்போது விக் கேட்பார்கள். சின்னக் குழந்தைகளுக்குத் தொப்பியே போதும், வியர்க்கும் என்று விக்கைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். வெட்டுவதற்கு முன் எவ்வளவு நீளம் வேண்டும் என்று வாங்குகிற இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் கணக்குகளைப் போட்டு, அதற்கென்று உறவினரிடமும் அக்கம்பக்கத்திலும் செயின்ட் ஜூடுக்கு நிதி கேட்டதுண்டு. உங்கள் மகளுக்குக் கணக்கு பிடிக்குமென்றால் பாட்டியிடமிருந்து தொடங்கலாம்.

உங்களிடமும் உங்கள் வீட்டுக்காரரிடமும் எனக்கு வேறொரு வேண்டுகோள். பிளேட்லெட் கொடுங்கள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அவை. கீமோவில் இருக்கும் குழந்தைக்கு அது இறங்கினால் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் வரும். பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, ஆகவே யாராவது புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். 18 வயது நிறைந்து உடல்நலம் சரியாக இருந்தால் வரலாம், முந்தைய மூன்று நாட்களில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. மிஷினில் எடுக்க ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். பொங்கல், தீபாவளி விடுமுறைகளில் ரத்த வங்கிக்கு ஆள் வரத்தே இருக்காது, ஆனால் வார்டில் கீமோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் போய்க் கொடுத்துவிட்டுப் போங்கள்.