5 வயது மகனுக்கு வாய்ப்பூஞ்சை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் வெள்ளை படிய ஆரம்பித்தது. மருந்து கொடுத்தால் போய்விடும், நிறுத்தினால் சில வாரங்களில் மறுபடி வந்துவிடும். இப்போது இரண்டு கைவிரல் நகங்களும் தடித்துப் பழுப்பாகிவிட்டன. சர்க்கரை, எச்.ஐ.வி. இரண்டும் இல்லை, ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. என் கணவருக்கும் சின்ன வயதில் இப்படி இருந்ததாம். நான் வாயைச் சுத்தமாக வைப்பதில்லை என்று எல்லோரும் என்னைத்தான் குறை சொல்கிறார்கள். இது பரம்பரையாக வருமா?

பதில்: வரலாம் சகோதரி. ஆனால் முதலில் அந்தப் பழியை இறக்கி வையுங்கள். கேண்டிடா என்ற இந்தப் பூஞ்சை ஆரோக்கியமான பலருடைய வாயிலும் குடலிலும் சும்மா குடியிருப்பதுதான், தேய்த்துக் கழுவி அதை விரட்டிவிட முடியாது. அதை அடக்கி வைத்திருப்பது உடம்பின் எதிர்ப்பு சக்தி. ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு இன்ஹேலர், சர்க்கரை, எச்.ஐ.வி. என்று அது தலைதூக்கப் பொதுவான காரணங்கள் உண்டு. அப்படி எதுவும் இல்லாமல், ஒரு வயதுக்கு முன்பே தொடங்கி, வாயோடு நிற்காமல் நகத்துக்கும் போய், அப்பாவுக்கும் இருந்திருக்கிறது என்றால் பிறவியிலேயே எதிர்ப்பு சக்தியில் ஏதாவது குறை இருக்கிறதா என்று கட்டாயம் பார்த்துவிட வேண்டும்.

ரத்த அணுக்கள்தான் சரியாக இருக்கின்றனவே என்று நினைப்பீர்கள். அந்தச் சோதனை தலையை மட்டும் எண்ணும், வேலை நடக்கிறதா என்று பார்க்காது. டி செல்கள் என்ற வெள்ளையணுக்களில் ஒரு வகை, இன்டர்லூகின் 17 என்ற சமிக்ஞையை வெளியிடும். அது கிடைத்தால்தான் தோலும் வாயின் உள்தோலும் பூஞ்சையைக் கொல்லும் புரதங்களைச் சுரக்கும், நியூட்ரோஃபில் என்ற வேறு வெள்ளையணுக்களையும் துணைக்குக் கூப்பிடும். ஸ்டாட்1 என்ற மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தால் அந்த டி செல்கள் போதுமான அளவு உருவாவதில்லை. 2011-ல்தான் இது தெரியவந்தது. பெற்றோரில் ஒருவரிடம் இந்த மாற்றம் இருந்தாலே போதும், ஒவ்வொரு குழந்தைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் கணவரின் கதையைக் கேட்டதும் என் மனம் இதைத்தான் முதலில் நினைத்தது, ஆனால் நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பூஞ்சை எங்கே வருகிறது என்பதே பெரிய துப்பு. நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை வந்து, நிணநீர் முடிச்சிலும் கல்லீரலிலும் சீழ் பிடித்தால் அது வேறு நோய்: அங்கே வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கிவிடும், விழுங்கியதைக் கொல்லத்தான் தெரியாது. கார்ட்9 மரபணுவில் குறை இருந்தால் சாதாரணப் படர்தாமரைகூட ஆழமாக இறங்கும், கேண்டிடா மூளை வரை போகும். ஏர் என்ற மரபணுக் குறையில் வாய்ப்பூஞ்சையோடு கால்சியமும் அட்ரீனல் ஹார்மோனும் குறைந்துபோகும், அதனால்தான் கை விரல்கள் இழுத்துக்கொள்கின்றனவா, வலிப்பு வந்ததா என்று கேட்போம்.

சரி, என்ன செய்வது? எதிர்ப்பு சக்திக் குறைகளைப் பார்க்கும் நிபுணரிடம் போங்கள். இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு, டி செல் வகைகள், கால்சியம், தைராய்டு, காலை நேரக் கார்ட்டிசால் (அட்ரீனல் ஹார்மோன்), அப்புறம் மரபணுச் சோதனை என்று அவர் படிப்படியாகப் பார்ப்பார். வெள்ளைப் படிவைச் சுரண்டி எடுத்து வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்ப்பது மிக முக்கியம். வருடக்கணக்கில் ஃப்ளூகனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளை விட்டு விட்டுக் கொடுத்த குழந்தைகளிடம் பூஞ்சை அந்த மருந்துக்கே பழகிப்போயிருக்கலாம். பழகிவிட்டால் மாற்று மருந்துகள் கொஞ்சம்தான், அதனால் நீங்களாக நிறுத்துவதும் தொடங்குவதும் இனி வேண்டாம். ஸ்டாட்1 கோளாறு உறுதியானால் ருக்ஸோலிடினிப் போன்ற மருந்துகள் பலருக்குக் கைகொடுத்திருக்கின்றன, ஆனால் அதை நிபுணரின் கண்காணிப்பில்தான் கொடுக்க முடியும்.

முடிவு தெரியும் வரை உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி எதையும் நிபுணரைக் கேட்காமல் போட வேண்டாம், மற்றவற்றைத் தவறவிடவும் வேண்டாம். விழுங்கும்போது வலிக்கிறது என்று சாப்பாட்டை ஒதுக்கினாலோ, காய்ச்சலோடு இருமல் நீடித்தாலோ, வலிப்போ கடும் தலைவலியோ வந்தாலோ நாள் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஈரத்துணி சுற்றிய விரலால் நாக்கை மெல்லத் துடைத்துப் பாருங்கள். பால் படிவு என்றால் வந்துவிடும். பூஞ்சை ஒட்டிக்கொண்டே இருக்கும், பெயர்ந்து வந்தாலும் அடியில் செக்கச்செவேலென்று புண்ணாக இருக்கும். அப்படி இருக்கும் நாளில் நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து, தேதியையும் அப்போது கொடுத்த மருந்தையும் குறித்து வையுங்கள். நிபுணரைப் பார்க்கப் போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள், அவருடைய வாயையும் நகங்களையும் மருத்துவர் பார்க்கட்டும்.