ஏரிக் கணக்கும் கடல் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பால்டிக் கடல் பற்றிய உங்கள் குறிப்பில், பாசி பெருகாமலிருக்கக் கரையோரக் கழிவுநீர் நிலையங்கள் பாஸ்பரஸ், நைட்ரஜன் இரண்டையும் எடுத்தாக வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அங்கேதான் எனக்கு இடறுகிறது. நீலப்பச்சைப் பாசிக்கு நைட்ரஜன் காற்றிலேயே கிடைக்கிறது. கழிவுநீரில் நாம் குறைத்தால் அது காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளப் போகிறது. பிறகு ஏன் மின்சாரத்தையும், பாக்டீரியாவுக்குத் தீனியாக மெத்தனாலையும் கொட்டி நைட்ரஜனை நீக்க வேண்டும்? பாஸ்பரஸ் மட்டும் போதும் என்று கனடா ஏரிகளில் ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் காட்டிவிட்டாரே?

இரண்டாவது, நான் இங்கே முதுகலை மாணவன். ஒரே புட்டித் தண்ணீரில் நானும் சக மாணவியும் பாசி எண்ணினோம். என் விடை அவருடையதைப் போல ஒன்றரை மடங்கு. யார் தவறு?

கடைசியாக ஒரு வீட்டுக் கேள்வி. ஜூன் தொடக்கத்தில் கரையோரம் மஞ்சளாக ஒரு படலம் ஒதுங்குகிறது. குழந்தையைத் தண்ணீரில் இறக்கலாமா?

அன்புடன்,
க., ஸ்டாக்ஹோம்

அன்புள்ள க.,

முதல் கேள்வியில் நிபுணர்களே பிரிந்து நின்றிருக்கிறார்கள். ஸ்வீடனின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காக ஒரு பன்னாட்டுக் குழு 2006இல் அறிக்கை கொடுத்தது. ஷிண்ட்லரும் அதில் இருந்தார். நைட்ரஜன் விஷயத்தில் அந்தக் குழுவால் ஒருமனதாக எதையும் சொல்ல முடியவில்லை. ஆகவே உங்களுக்கு இடறியதில் வியப்பில்லை.

ஷிண்ட்லர் காட்டியதில் பிழை கிடையாது. ஒன்டாரியோவின் பரிசோதனை ஏரிகளில் 226ஆம் எண் ஏரியை 1973இல் நடுவே திரை கட்டிப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போன பாதி மட்டும் பச்சையாயிற்று. 227ஆம் ஏரியில் 1990 முதல் நைட்ரஜன் இடுவதையே நிறுத்திவிட்டு பாஸ்பரஸ் மட்டும் இட்டார்கள், பாசி அடங்கவில்லை. நன்னீர் ஏரிக்கு இது நல்ல சான்று. ஆனால் பால்டிக் ஏரி அல்ல. அதன் நடுப்பகுதியில் மேல்நீரின் உப்பு கிலோவுக்கு 6 முதல் 8 கிராம், பெருங்கடலில் 35. குடித்தால் லேசாகக் கரிக்கும், அவ்வளவுதான். இந்தக் கொஞ்ச உப்பு கணக்கையே மாற்றிவிடுகிறது.

எப்படி என்றால், உப்போடு சல்பேட்டும் வருகிறது. ஏரியின் அடிச்சேற்றில் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருப்பது இரும்பு. ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு கரைந்து பாஸ்பேட்டை விட்டுவிடும். அப்படிக் கரைந்த இரும்பு மறுபடி ஆக்சிஜனைக் கண்டதும் படிந்து, பாஸ்பேட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே போகும். கடல் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்தவுடன் பாக்டீரியாக்கள் சல்பேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. அதிலிருந்து வருவது ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம். இந்தச் சல்பைடு இரும்போடு சேர்ந்து இரும்புச் சல்பைடாகச் சேற்றிலேயே தங்கிவிடும். பாஸ்பேட்டை இழுக்க இரும்பு மிஞ்சுவதில்லை. அதே சேற்றிலும் அதன் ஓரங்களிலும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்புகின்றன. பாஸ்பரஸ் திரும்பி வருகிறது, நைட்ரஜன் காணாமல் போகிறது. பால்டிக்கின் நடுப்பகுதியில் வசந்தப் பாசி நைட்ரஜன் பஞ்சத்தில் நிற்பது இதனால்தான்.

இனி எண்ணில் பார்ப்போம். பாசி சராசரியாக 16 பங்கு நைட்ரஜனுக்கு 1 பங்கு பாஸ்பரஸ் எடுக்கும். இதுதான் ரெட்ஃபீல்ட் விகிதம். குளிர்கால மேல்நீரில் கரைந்த கனிம நைட்ரஜன் லிட்டருக்கு 4 மைக்ரோமோல், பாஸ்பேட் 0.6 என்று வையுங்கள். (கணக்குக்காக எடுத்த எண்கள், ஆனால் நடுப்பகுதிக்குப் பொருந்தாதவை அல்ல.) வசந்தத்தில் டயட்டம், டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்பாசிகள் அந்த 4 மைக்ரோமோலைத் தின்று தீர்க்கும்போது 0.25 பாஸ்பேட் போகும், 0.35 மிஞ்சும். ஜூலையில் நோடுலேரியா, அஃபனிசோமினன் என்ற இழை வடிவ நீலப்பச்சைப் பாசிகளுக்கு அதுதான் விருந்து. நைட்ரஜனைக் குறைத்து 3 ஆக்கினால் வசந்தத்தில் 0.19தான் செலவாகும், மிச்சம் 0.41. கூடுதலாக மிஞ்சிய அந்த 0.06ஐ வைத்து நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து 1 மைக்ரோமோல் நைட்ரஜனை இழுத்துவிடலாம். நாம் எடுத்தது அத்தனையும் திரும்பிவிட்டது! உங்கள் வாதத்தைக் காகிதத்தில் எழுதினால் இப்படித்தான் வரும். காகிதத்தில் அது தப்பே இல்லை.

கடலில்தான் தப்பாகிப் போகிறது. முதலில் காலம். வசந்தப் பெருக்கம் மார்ச், ஏப்ரலில். நீலப்பச்சைப் பாசி தழைக்க வெதுவெதுப்பும் காற்றடங்கிய நாட்களும் வேண்டும், அது ஜூலை ஆகஸ்ட். இடைப்பட்ட நாட்களில் மிச்ச பாஸ்பேட் அப்படியே காத்திருப்பதில்லை. மற்றப் பாசிகள் தேவைக்கு மேல் உறிஞ்சி உடம்பில் வைத்துக்கொள்கின்றன, ஒரு பகுதி செத்த பாசியோடு கீழே இறங்குகிறது. இதைவிட முக்கியமானது எங்கே போய்ச் சேர்கிறது என்பது. வசந்தப் பாசியை மேய நுண்ணிய மிதவை விலங்குகள் அப்போது போதுமான அளவில் இல்லை. அதில் பெரும்பங்கு தின்னப்படாமல் அடிக்குப் போய் அழுகி ஆக்சிஜனைத் தின்கிறது. 60 முதல் 80 மீட்டர் ஆழத்தில் உப்பு நீரும் மேல்நீரும் பிரியும் எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே காற்று இறங்காது. டென்மார்க் நீரிணைகள் வழியாக வட கடலிலிருந்து பெரிய வரத்து வந்தால்தான் உண்டு. 1993, 2003, 2014 டிசம்பர் என்று எப்போதோ ஒருமுறை வருகிறது. எனவே வசந்தப் பாசியைக் குறைத்தால் அடியில் மூச்சுத் திணறல் குறையும், சேறு விடும் பாஸ்பேட்டும் குறையும். நைட்ரஜனைக் குறைப்பது சுற்றி வந்து பாஸ்பரஸையும் குறைக்கிறது. மெதுவாகத்தான், பல பத்தாண்டுகளில்.

அடுத்தது இடம். பால்டிக்கின் வடக்குக் கிளையான போத்னியா வளைகுடாவின் வடகோடியில் உப்பு 3 கிராமுக்கு மேல் போகாது, இரும்பு தாராளம், பஞ்சம் பாஸ்பரஸுக்கு. அங்கே உங்கள் ஏரிக் கணக்கு கிட்டத்தட்டச் சரி. மேற்கே, டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலுள்ள காட்டகாட் கடலில் உப்பு அதிகம், இந்த இழைப்பாசிகள் பெருகுவதில்லை. காற்றிலிருந்து ஈடுகட்ட ஆளே இல்லாத கடலில் நைட்ரஜனைக் குறைப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் உங்கள் வீட்டுப் பக்கம் ஹிம்மர்ஃப்யார்டன் இருக்கிறது. ஒரு பெரிய கழிவுநீர் நிலையத்தின் நீர் இறங்கும் நீண்ட குடா, 1970களிலிருந்து தொடர்ந்து அளக்கப்படுவது. அங்கே பாசி எவ்வளவு என்று காட்டும் பச்சையத்தின் அளவு நைட்ரஜனைப் பின்தொடர்ந்தே ஏறி இறங்கியிருக்கிறது. ஈடுகட்டும் வேலையை நீலப்பச்சைப் பாசி முழுதாகச் செய்யவில்லை. என் கட்சி இதுதான்: பாஸ்பரஸ் எல்லா இடத்திலும், நைட்ரஜன் பெரும்பாலான இடங்களில். போத்னியாவின் வடகோடி ஊர்களில் நைட்ரஜனுக்காகச் செலவிடும் பணத்தை வேறெதற்காவது செலவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த வாதம் முழுக்கக் குளிர்கால அளவின் மேல் நிற்கிறது. மாதிரியைப் பிப்ரவரிக்குள் எடுத்துவிட வேண்டும். மார்ச் நடுவில் போனால் பெருக்கம் தொடங்கியிருக்கும், நைட்ரேட் பாதி காலியாகியிருக்கும், விகிதம் பொய்யாகக் குறைந்து தெரியும். ஆற்று முகத்தருகே எடுத்தால் நைட்ரஜன் பொய்யாகக் கூடித் தெரியும். அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் உப்பளவையும் எழுதி, இரண்டையும் ஒரே வரைபடத்தில் புள்ளியிட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பாஸ்பேட் புட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, தூய நீரில் பலமுறை அலசினால் போதும். அம்மோனியம் மாதிரிக்கு அருகே சிகரெட் பிடித்தவர் நின்றாலே எண் ஏறும்.

இனி எண்ணிக்கை. இருவருக்கும் ஒன்றரை மடங்கு வித்தியாசம் என்றால் அது பெரும்பாலும் யாருடைய சோம்பலும் இல்லை. எத்தனை எண்ணினீர்கள் என்று எழுதவில்லை. 100 எண்ணினால் 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், 400 எண்ணினால் 10 சதவீதம். ஒரு பாசி வகையில் 50 மட்டும் எண்ணினால் 28 சதவீதம். ஆளுக்கு 50 எண்ணி, ஒருவர் மேலும் ஒருவர் கீழும் போனால் ஒன்றரை மடங்கு வரக்கூடியதுதான்.

அதற்கு முன்பே கெடும் இடங்கள் உண்டு. மாதிரி எடுக்கும் 10 மீட்டர் குழாயைக் கடலில் இறக்கும்போது அவசரப்பட்டால் குழாய்க்குள் நீர்மட்டம் வெளியே உள்ளதைவிடத் தாழ்ந்து நிற்கும். அப்புறம் உள்ளே ஏறுவது அடிநீர், மேல்நீரின் பங்கு குறைந்துவிடும். மாதிரி கெடாமலிருக்கச் சேர்க்கும் லூகோல் என்ற அயோடின் கரைசல் 100 மில்லிக்கு அரை மில்லி போதும், நிறம் பால் கலக்காத இளந்தேநீர் மாதிரி இருக்கவேண்டும். புட்டியை இருட்டில் வையுங்கள். சில மாதத்தில் நிறம் வெளுக்கும், வெளுத்தால் மறுபடி சில சொட்டு. வெளுத்ததைக் கவனிக்காமல் விட்ட புட்டியில் முதலில் சிதைவது சவுக்கு போன்ற வாலுள்ள மெல்லிய நுண்ணுயிரிகள், டயட்டம் மட்டும் நிற்கும். அப்புறம் உங்கள் தரவில் கடல் முழுக்க டயட்டமாகத் தெரியும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும், எண்ணுவதற்காகப் பாசியை அடியில் படியவிடும் படிவுக்கிண்ணத்தில் ஊற்றாதீர்கள். புட்டியும் கிண்ணமும் அறை வெப்பத்துக்கு வரட்டும். இல்லாவிட்டால் காற்றுக்குமிழி கண்ணாடிக்கடியில் ஒட்டும், நீர் உள்ளே சுழன்று பாசியை ஒரு ஓரமாகக் குவிக்கும். குவிந்த கிண்ணத்தில் நடுவில் இரண்டு கோடு ஓட்டி எண்ணியவரும் ஓரத்தில் எண்ணியவரும் ஒரே விடை சொல்லவே முடியாது. ஊற்றும் முன் புட்டியைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்குங்கள், குலுக்கினால் சங்கிலிகள் உடையும். 50 மில்லி கிண்ணம் என்றால் ஒரு நாள் முழுக்க அசையாமல் இருக்கட்டும்.

என் சந்தேகம் எண்ணிக்கையைவிட அளவெடுப்பின் மேல். இழைப்பாசியை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, 100 மைக்ரான் நீளத் துண்டாக எண்ணுவோம். ஒரு துண்டு உருளை. விட்டம் 5 மைக்ரான் என்று எழுதினால் கன அளவு 1,963 கன மைக்ரான், 6 என்று எழுதினால் 2,827. கண்வில்லை அளவுகோலில் ஒரு மைக்ரான் ஏமாந்தால் 44 சதவீதம் போயிற்று! எண்ணிக்கை ஒத்துப்போனாலும் கன அளவு ஒத்துப்போகாது. உங்கள் இருவரின் தாளையும் எடுத்துத் துண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் முதலில் ஒப்பிடுங்கள். அது பொருந்தினால், இருவரும் அதே 20 இழைகளின் விட்டத்தை அளந்து பாருங்கள். ஒரே நுண்நோக்கியா, ஒரே உருப்பெருக்கத்தில் அளவுகோலைச் சரிபார்த்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சதுரக் கட்டத்தின் விளிம்பைத் தொடும் உயிரணுக்களுக்கும் ஒரு விதி வேண்டும்: மேல், இடது விளிம்பைத் தொட்டால் சேர், கீழ், வலதைத் தொட்டால் விடு. இதை இருவர் வேறுவேறாக வைத்திருப்பதை நிறையப் பார்க்கலாம்.

பீச்சுக் கேள்வி. ஜூன் தொடக்கம், மஞ்சள், தூள் போல, கரையோரத்தில் கோடாக ஒதுங்குகிறது என்றால் அது பெரும்பாலும் பைன் மரத்தின் மகரந்தம். சந்தேகம் வந்தால் ஒரு குச்சியால் கலக்கிப் பாருங்கள். இழையாகக் குச்சியில் தொங்கினால் சாதாரணப் பச்சை இழைப்பாசி. தொங்காமல் துகளாகச் சிதறினால் ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டு ஒரு மணி நேரம் விடுங்கள். பச்சைத் துகள்கள் மேலே மிதந்து வந்தால் நீலப்பச்சைப் பாசி. உடம்பில் வாயுக்குமிழிகள் இருப்பதால் அது மேலே வரும். நோடுலேரியா நச்சு கல்லீரலைத் தாக்கும். ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் கால்நடைகள் அதைக் குடித்துச் செத்ததை 1878லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மேலே வந்தால் அன்றைக்குக் குழந்தையை இறக்க வேண்டாம். நாய் இருந்தால் அதைக் கயிற்றிலேயே வைத்திருங்கள், ரோமத்தை நக்கியே நிறைய உள்ளே போய்விடும்.