மைஎஸ்க்யூஎல் டேபிளில் இருக்கும் ரெக்கார்டுகள் எலாஸ்டிக்சர்ச்சில் ஏன் வரவில்லை? எங்கிருந்து தேடுவது?

கேள்வி இதுதான்: மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருப்பதைச் சொந்த ஸ்கிரிப்ட் வைத்து எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் எஞ்சினில் பல்க்காக (ஒரு ரிக்வெஸ்டில் பல ரெக்கார்டுகளாக) ஏற்றியாயிற்று, லாக்கில் எரர் இல்லை, ஆனால் எண்ணிக்கை இடிக்கிறது.

முதலில், உண்மையிலேயே குறைகிறதா என்று பாருங்கள். தேடலில் மொத்தம் சரியாக 10,000 என்று நின்றால் ஏதோ தொலைந்துவிட்டது என்று பொருளில்லை. 7.0 பதிப்பிலிருந்து எலாஸ்டிக்சர்ச் வழக்கமாக அதற்கு மேல் எண்ணுவதில்லை. தேடலில் ட்ராக் டோட்டல் ஹிட்ஸ் என்ற அமைப்பை ட்ரூ ஆக்குங்கள், அல்லது ரெஃப்ரெஷ் (புதிதாக ஏறியதைத் தேடலுக்குத் தெரியவைக்கும் கட்டளை) கொடுத்துவிட்டு கவுண்ட் ஏபிஐயில் எண்ணுங்கள். இண்டெக்ஸ்களைப் (எலாஸ்டிக்சர்ச்சில் டேபிள் போன்றவை) பட்டியலிடும் கேட் இண்டிசஸ் காட்டும் எண் வேண்டாம். நெஸ்டட் ஃபீல்டு (உள்ளே தனி ரெக்கார்டுகளை வைத்திருக்கும் ஃபீல்டு) இருந்தால் உள்ளே இருப்பதையும் தனித்தனி டாக்குமெண்டாக (எலாஸ்டிக்சர்ச்சில் ரெக்கார்டுக்கு அதுதான் பெயர்) சேர்த்துக் காட்டும். பதிலின் ஷார்ட்ஸ் (இண்டெக்ஸ் பிரித்து வைக்கப்பட்ட துண்டுகள்) பகுதியில் ஃபெயில்டு 0 தானா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

இதற்குப் பிறகும் குறைந்தால் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள், ஐடியைப் பிடியுங்கள். டேபிளின் ஐடிகளை ஒரு ஃபைலிலும், இண்டெக்ஸின் ஐடிகளைச் சர்ச் ஆஃப்டர் (முடிவுகளைப் பக்கம் பக்கமாக எடுக்கும் வழி) மூலம் இன்னொன்றிலும் எடுத்து, லினக்ஸின் காம் (comm) கமாண்டில் ஒப்பிடுங்கள். மைஎஸ்க்யூஎல் ஐடிகளை அடுக்குவது எண் முறையில், 2-க்குப் பின் 10. காம் எதிர்பார்ப்பது எழுத்து முறை, 10-க்குப் பின் 2. இரண்டு ஃபைலையும் மறுபடி சார்ட் செய்யாவிட்டால் இல்லாத குறையெல்லாம் காட்டும்.

விடுபட்ட ஐடிகள் தொடர்ச்சியாக 500, 1000 என்று கொத்தாக இருந்தால் ஒரு பேட்ச் (ஒரே ரிக்வெஸ்டில் அனுப்பிய தொகுதி) முழுவதும் போயிருக்கிறது: க்யூ நிரம்பி 429 எரர் கோடு, அல்லது ரிக்வெஸ்ட் 100 எம்பி தாண்டி 413. பேட்ச்சைச் சிறிதாக்கி, 429 வந்தால் சற்றுப் பொறுத்துத் திரும்ப அனுப்புங்கள்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் அந்த ரெக்கார்டுகளின் டேட்டாதான் காரணம். பெரும்பாலும் இதுதான். பல்க் ரிக்வெஸ்டில் பாதி டாக்குமெண்ட் நிராகரிக்கப்பட்டாலும் எச்டிடிபி கோடு 200 என்றே வரும். அதை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொள்ளும். பதிலின் உள்ளே எரர்ஸ் ட்ரூ என்று இருக்கிறதா பார்த்து, ஐட்டம்ஸ் பட்டியலில் 400 (தவறான டேட்டா) என்ற கோடு வாங்கியவற்றின் காரணத்தை லாக்கில் எழுதுங்கள். உதாரணமாக, கதவு எண் ஃபீல்டில் முதலில் வந்தது 45 என்ற எண். ஃபீல்டின் வகையை எலாஸ்டிக்சர்ச் தானே தீர்மானிக்கும் டைனமிக் மேப்பிங் அதை லாங் (முழு எண்) என்று முடிவு கட்டிவிடும். பிறகு வரும் '45/2பி' உள்ளே நுழையாது. அந்த ஃபீல்டு மட்டுமல்ல, முழு டாக்குமெண்டே திரும்பிவிடும். '0000-00-00' தேதியும் இதே கதைதான். மேப்பிங்கை நீங்களே எழுதுங்கள். கதவு எண், பின்கோடு, போன் நம்பர் எல்லாம் கீவேர்டு (பிரிக்காமல் அப்படியே வைக்கும் எழுத்து வகை). எதற்குத்தான் அவற்றைக் கூட்டிக் கழிக்கப் போகிறோம்?

இரண்டு டேபிளை ஒரே இண்டெக்ஸில் ஏற்றுகிறீர்களா? வாடிக்கையாளர் 17-ஐ சப்ளையர் 17 அழித்து எழுதிவிடும். முதல் முறை ஏற்றும்போதே ரிசல்ட்டில் கிரியேட்டட் என்பதற்குப் பதில் அப்டேட்டட் வந்தால் இதுதான். ஐடிக்கு முன்னால் டேபிள் பெயரைச் சேருங்கள்.

ஐடி கொடுத்தால் வருகிறது, தேடினால் வரவில்லை என்றால் ரெக்கார்டு உள்ளேதான் இருக்கிறது. டைனமிக் மேப்பிங் தரும் கீவேர்டு ஃபீல்டு 256 எழுத்துக்கு மேல் போன மதிப்பை இண்டெக்ஸ் செய்யாது, ஃபில்டரில் சிக்காது. தமிழ் டேட்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'கோவை'யின் முதல் எழுத்தை க, ோ என இரண்டு யூனிகோட் குறியாகவும் எழுதலாம். க, ே, ா என மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, இண்டெக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு சொல். அனலைஸ் ஏபிஐயில் இரண்டையும் கொடுத்து டோக்கனின் (இண்டெக்ஸில் சேரும் சொல்லின்) குறிகளை எண்ணினால் பிடிபடும். யூனிகோட் வேலைக்கான ஐசியு பிளகினின் நார்மலைசரை (இரு வடிவத்தையும் ஒன்றாக்குவது) அனலைசரில் (எழுத்தைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) சேருங்கள். ஏற்கெனவே ஏறியவை தானாக மாறாது. புது இண்டெக்ஸ் உருவாக்கி ரீஇண்டெக்ஸ் செய்து (பழையதிலிருந்து அதற்கு நகலெடுத்து), அலியாஸை (இண்டெக்ஸின் மாற்றுப் பெயரை) அதற்குத் திருப்ப வேண்டும்.