துக்க வீட்டில் தன்னார்வலர் என்ன பேசுவது? – கேள்வி பதில்

மழைக்காலத்துக்கு முன்னால் கடலூர், புதுச்சேரி பக்கத்துத் தன்னார்வலர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. படகு, தார்ப்பாய், சாப்பாடு பற்றிய கேள்விகளுக்கு வேறு ஆட்கள் பதில் சொல்வார்கள். துக்கம், பயம், சாமி சம்பந்தப்பட்டவை என்னிடம் வந்தன. மருத்துவமனையிலும் நிவாரண முகாம்களிலும் மனநலச் சமூகப் பணி செய்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, சாவு விழுந்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன சொல்ல வேண்டும்? எனக்கு நாக்கே எழவில்லை. (கல்லூரி மாணவர், தேவனாம்பட்டினம்)

நாக்கு எழாவிட்டால் பரவாயில்லை தம்பி. நம் பக்கத்தில் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் பேசாமல் போய் உட்காருவதுதானே வழக்கம்? உங்கள் பெயர், எங்கிருந்து வருகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள். தண்ணீர் குடித்தார்களா, யாருக்காவது ஃபோன் போட வேண்டுமா என்று பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் உளவியல் முதலுதவிக்கு ஒரு கையேடு வெளியிட்டது. பார், கேள், இணை என்ற மூன்று சொல்லில் அதை அடக்கிவிடலாம். யார் தனியாக உட்கார்ந்திருக்கிறார், யாருக்கு அடிபட்டிருக்கிறது என்று பார்ப்பது. பேச வந்தால் கேட்பது. சொந்தக்காரர், டாக்டர், தாலுகா ஆபீஸ் என்று தேவையான இடத்தோடு சேர்த்துவிடுவது. பேச வராதவரை 'என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லுங்க' என்று குடையக்கூடாது. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்ட வைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று முன்பு நம்பினார்கள். இப்போது அப்படிச் செய்ய வேண்டாம் என்றே அந்த நிறுவனம் சொல்கிறது.

'அழாதீங்க', 'இன்னொரு பிள்ளை இருக்கே, அதை நினைச்சுத் தேத்திக்குங்க' இரண்டையும் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தால் நிறுத்தப் போகாதீர்கள். ஒப்பாரியைவிட நல்ல ஏற்பாடு எதுவும் நாம் வெளியிலிருந்து கொண்டுபோவதில்லை. ஃபோனில் வீடியோ எடுக்கிற ஆளை மட்டும் வெளியே அழைத்து வந்துவிடுங்கள்.

முகாமில் ஒரு ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு 'சாமி ஏன்பா இப்படிச் செஞ்சுது' என்று கேட்டார். நான் பெரியார் வழி. பொய் சொல்லவும் மனமில்லை, கொள்கை பேசவும் வாய் வரவில்லை. (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

வாய் வராதது நல்லதாகப் போயிற்று. அந்த இடத்தில் பக்தர்களும்தான் தடுமாறுகிறார்கள். 'எல்லாம் விதி', 'ஆண்டவன் சோதிக்கிறான்', 'போன ஜென்மத்துப் பாவம்' என்று எதையாவது சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அந்த ஆயா தத்துவ விளக்கம் கேட்கவில்லை. உங்களிடம் கேட்ட மாதிரி இருந்தாலும் அவர் சாமியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். சண்டை போடட்டும். 'உங்களுக்கு என்ன தோணுது ஆயா?' என்று திருப்பிக் கேளுங்கள்.

கேட்டால் பெரும்பாலும் உள்ளே இருப்பது வெளியே வரும். பேரன் கையை விட்டுவிட்டேன், மீன் வாங்கக் கரைக்கு அனுப்பியதே நான்தான் என்கிற மாதிரி ஏதாவது ஒன்று. உடனே 'உங்க மேல தப்பே இல்ல' என்று வாயை அடைத்துவிடாதீர்கள். முழுவதையும் கேட்ட பிறகு, தெரிந்த உண்மையைச் சொல்லலாம். சுனாமியில் பறிகொடுத்தவர் என்றால் இப்படி: 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை அலை வந்தபோது இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை மையமே கிடையாது. ஹைதராபாத்தில் அது தொடங்கியது 2007இல்தான். அதிகாரிகளுக்கே தெரியாதது ஒரு பாட்டிக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இருபது வருடம் மனதில் குற்றம் சுமந்தவர்களிடம்கூட இந்த ஒரு தகவல் வேலை செய்யும்.

அவர் விளக்கேற்ற வேண்டும் என்று கேட்டால் தீப்பெட்டி எடுத்துக் கொடுங்கள். அதில் உங்கள் கொள்கை ஒன்றும் கெட்டுப்போகாது.

கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. காரியம் செய்துவிட வேண்டும் என்று மாமியார் வீட்டில் அவசரப்படுத்துகிறார்கள். 'அவர் வருவார், தாலியைத் தொடாதீங்க' என்கிறாள் அந்தப் பெண். நாங்கள் யார் பக்கம் பேசுவது? (மகளிர் குழு, தாழங்குடா)

யார் பக்கமும் பேசாதீர்கள். வந்ததிலேயே கடினமான கேள்வி இதுதான்.

உடல் கிடைத்த சாவுக்கு ஒரு முடிவு உண்டு. குளிப்பாட்டுகிறோம், எடுக்கிறோம், பால் தெளிக்கிறோம், பதினாறாம் நாள் காரியம் செய்கிறோம். ஒவ்வொன்றும் மனதுக்கு ஒரு படி. உடல் இல்லாதவர்களுக்கு முதல் படியே இல்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். அவர் இருக்கிறார், அவர் இல்லை என்று இரண்டு எண்ணமும் ஒரே மனதில் இருப்பது பைத்தியக்காரத்தனம் அல்ல, அந்த நிலைமையே அப்படிப்பட்டது என்பதுதான் அவர் சொல்வதன் சாரம். ஆகவே 'உண்மையை ஏத்துக்கம்மா' என்று நெருக்குவதால் பயனில்லை. 'கண்டிப்பா வருவாரு' என்று ஆசை காட்டுவதும் கொடுமை. 'வருவார்னு ஒரு மனசு சொல்லுது, இல்லன்னு ஒரு மனசு சொல்லுது, அப்படித்தானே?' என்று கேட்டுப் பாருங்கள். தன்னைப் புரிந்துகொண்ட ஆள் கிடைத்ததில் அவள் பேச ஆரம்பிக்கலாம்.

சடங்கு விஷயத்தில் மாமியார் வீட்டையும் வில்லனாக்க வேண்டாம். மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோமே என்ற தவிப்பு அவர்களுக்கு. காரியத்துக்கு நாள் குறித்தே ஆக வேண்டும் என்றில்லை. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் திதி கொடுக்கும் வழக்கம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அதுவரைக்கும் படம் வைத்து விளக்கேற்றலாம், கடலில் பால் ஊற்றலாம். தாலி, பொட்டு, பூ விஷயம் முழுக்க அவள் முடிவு. இதைப் பஞ்சாயத்தில் நீங்கள் போய்ச் சொன்னால் எடுபடாது. அந்த ஊரிலேயே கணவரைக் கடலில் இழந்த மூத்த பெண் யாராவது இருப்பார், அவரை விட்டு ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்களான நாட்டார்களிடம் பேசச் சொல்லுங்கள்.

பரங்கிப்பேட்டை மாதிரி இடத்தில் முஸ்லிம் குடும்பம் என்றால், உடல் இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸா தொழுகை ஷாஃபி என்ற மார்க்கச் சட்ட வழியில் உண்டு. ஜமாஅத்தில் மார்க்கம் படித்த ஆலிமிடம் கேட்கச் சொல்லுங்கள். கிறிஸ்தவர்களுக்கு ஃபாதர் நினைவுப் பூசை வைப்பார்.

அரசாங்கத் தாளை இதோடு கலக்காதீர்கள். சாதாரணமாக, காணாமல் போனவரைப் பற்றி ஏழு வருடம் தகவல் இல்லை என்றால்தான் சட்டம் அவரை இறந்தவராகக் கொள்ளும். பேரிடர் நேரத்தில் அவ்வளவு காத்திருக்காமல் சான்றிதழ் கொடுக்க அரசு தனி நடைமுறை கொண்டுவருவதுண்டு. அதை வி.ஏ.ஓ., தாசில்தார் வழியாக விசாரியுங்கள். கையெழுத்துப் போடும் நாளில் கூடவே போங்கள். 'இது பிள்ளைங்க படிப்புக்கான தாள், நீ அவரை விட்டுக் கொடுத்ததா அர்த்தமில்ல' என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் சபை இளைஞர்கள் அரிசிப் பையோடு ஒரு வசனத் தாளும் வைக்க நினைக்கிறோம். ஆறுதலுக்குத்தான். தவறா? (கடலூர் முதுநகர்)

தவறுதான். பசித்தவர் கையில் நீங்கள் கொடுக்கும் எதையும் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நிவாரணத்தை மதக் கருத்தைப் பரப்பப் பயன்படுத்தக்கூடாது என்று 1994ஆம் ஆண்டு செஞ்சிலுவை நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. கோயில் குழு பிரசாதத்தோடு துண்டறிக்கை வைத்தாலும் இதே பதில்தான். ஜெபம் பண்ணுங்கள் என்று யாராவது கேட்டால் தாராளமாகப் பண்ணுங்கள். பூசாரியையோ ஹஜ்ரத்தையோ கேட்டால் அவரைக் கூட்டி வாருங்கள். சுனாமியின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத் மீனவக் குடும்பங்களுக்கு இடம் கொடுத்துச் சமைத்துப் போட்டது. அங்கே யாரும் யாருடைய சாமியையும் விசாரிக்கவில்லை.

ஃபெஞ்சல் புயலில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. ஆறு வயது மகள் இப்போதும் மழை பெய்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள், படுக்கையிலேயே சிறுநீர் போகிறது. பாட்டி மந்திரிக்கச் சொல்கிறார். (புதுச்சேரி தாய்)

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரியில் பெய்த மழையில் பெரியவர்களே தூங்கவில்லை, குழந்தை பயந்ததில் அதிசயம் இல்லை. திட்டாதீர்கள், கேலி செய்ய விடாதீர்கள். மழைச் செய்தி ஓடும் டிவியை அணையுங்கள். சாப்பாடு, பள்ளி, தூக்கம் எல்லாம் தினமும் அதே நேரத்தில் நடக்கட்டும். மழைக்கு முன் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள், புத்தகப் பையை பிளாஸ்டிக் கவரில் போட்டு மேலே வைப்பது மாதிரி. 'இனிமே தண்ணி வராது' என்று சத்தியம் செய்யாதீர்கள், வந்துவிட்டால் உங்களை நம்பமாட்டாள். 'வந்தா மாமா வீட்டு மாடிக்குப் போயிடுவோம்' என்று சொல்லுங்கள். பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டினால் கட்டட்டும். ஆனால் இத்தகைய பயம் ஒரு மாதத்தைத் தாண்டினாலே டாக்டரிடம் காட்ட வேண்டும், நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416க்கு அழைத்தால் டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

தானே புயலில் முந்திரித் தோப்பு முழுவதும் போனதிலிருந்து அப்பா சரியில்லை. மறுபடி புயல் செய்தி வந்தால் குடிக்க ஆரம்பித்துவிடுகிறார். 'மரம்தானே போச்சு, ஆளா போச்சு' என்று எல்லோரும் சொல்கிறோம். (பண்ருட்டி)

அந்த வாக்கியத்தை முதலில் நிறுத்துங்கள். 2011 டிசம்பர் 30 காலையில் சாய்ந்தவற்றில் அவருடைய அப்பா நட்ட பலாவும் இருந்திருக்கும். சாவுக்கு வந்து உட்கார்ந்த ஊர், மரத்துக்கு வந்து உட்காரவில்லை. எந்த மரம் எங்கே நின்றது என்று கேளுங்கள், தோப்புக்குக் கூடவே நடந்து போங்கள். அப்புறம், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பதில் எதுவானாலும் பூச்சிமருந்து டப்பாவை இன்றைக்கே வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

தொடர்ந்து முகாமில் இருந்ததில் யார் அழுதாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நான் கல்நெஞ்சக்காரியாகிவிட்டேனா?

இல்லை, களைத்துவிட்டீர்கள். வீட்டுக்குப் போங்கள். முகாமை வேறு ஆள் பார்த்துக்கொள்வார். அடுத்த முறை ஜோடியாகப் போங்கள், முறை வைத்து மாறிக்கொள்ளுங்கள்.

தூக்கமே வராதவர்களுக்குத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

கூடாது. அதிர்ச்சிக்குப் பிறகான முதல் மாதத்தில் அந்த வகை மாத்திரையைத் தூக்கமின்மைக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. நீங்கள் கவலைப்பட வேண்டிய மாத்திரை வேறு. ஏற்கெனவே வலிப்புக்கோ மனநோய்க்கோ மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் சீட்டும் மாத்திரையும் வெள்ளத்தில் போயிருக்கும், கேட்க வெட்கப்பட்டு வாயே திறக்கமாட்டார்கள். முகாம் திறந்த அன்றே ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி, மருத்துவக் குழு வந்ததும் முதல் வேலையாக அதைக் கொடுங்கள்.