பரணுக்கு ஒரு பாட்டுப்பெட்டி

கேள்வி: முத்தையன்கட்டில் காலபோக நெல் (மாரிமழைக் காலப் பயிர்) செய்கிறோம். இரவுக் காவலுக்குப் பரணில் இருக்கும்போது போனில் உள்ள பாட்டைச் சத்தமாகக் கேட்க, பற்றரியில் வேலை செய்யும் ஸ்பீக்கர் ஒன்று செய்ய ஆசை. பி.ஏ.எம். 8403 என்ற சின்ன அம்பிளிபயர் பலகை வாங்கி வைத்திருக்கிறேன். 3 வாட் என்கிறார்கள், போதுமா? மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் பற்றரியைக் கொடுத்தால் சத்தம் கூடுமா?
(இளம் கமக்காரன், முத்தையன்கட்டு)

பதில்: கூடாது தம்பி, புகைதான் வரும். அந்தப் பலகை 5 வோல்ட்டுக்கானது. ஐந்தரைக்கு மேலே ஏற்றவே வேண்டாம்.

3 வாட் போதுமா என்பதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 1990களில் பொருளாதாரத் தடையால் வவுனியாவைத் தாண்டிப் பற்றரி வராது. நான் அப்போது மல்லாவியில் ஒரு றேடியோ திருத்தும் கடையில் எடுபிடி. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ கரண்டை நாலு டயோட்டுக்குள்ளால் விட்டு றேடியோவுக்குக் கொடுப்போம். சைக்கிள் டைனமோவின் கணக்கு 6 வோல்ட், 3 வாட். றேடியோ அதிலும் கொஞ்சத்தைத்தான் குடிக்கும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். ஸ்பீக்கரைக் கழற்றி ஒரு மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்த பிறகு, முற்றத்தில் இருந்த பத்துப் பதினைந்து பேருக்கும் செய்தி விளங்கியது. கரண்ட் அதேதான், பானைதான் புதிது.

ஆகவே காசை வாட்டில் போடாமல் ஸ்பீக்கரிலும் பெட்டியிலும் போடுங்கள். வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஏறுவது 3 டெசிபல், காதுக்கு மட்டுமட்டாகத்தான் தெரியும். சத்தம் இரட்டிப்பானதுபோலக் கேட்கப் பத்து மடங்கு வாட் வேண்டும். இரண்டு அங்குல ஸ்பீக்கரை வாங்காமல், காரின் கதவில் கழற்றிய 6 அங்குல, 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்று தேடுங்கள். கடதாசிக் கூம்பு கிழியாமல் இருந்தால் போதும்.

பெட்டி ஏன்? கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் மேளத்தின் அடிச்சத்தம் செத்துப்போகும். பெட்டி காற்றுப் போகாமல் இருக்கவேண்டும். அரை அங்குல ஒட்டுப்பலகை எடுத்து, மூலைகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அப்பி, உள்ளே கொஞ்சம் இலவம்பஞ்சு வையுங்கள். வீட்டில் முதிரைப் பலகை கிடந்தால் அதில் செய்ய மனம் வரும். பரணுக்குத் தூக்கிக்கொண்டு ஏறப்போவது நீங்கள்தான், யோசித்துக்கொள்ளுங்கள்.

கரண்டுக்கு 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் ஒன்று போதும். 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2. இதில் 3 வாட் வராது, ஒன்றரை அளவில் நிற்கும். பரணுக்கு அது தாராளம். சார்ஜ் செய்ய ரி.பி. 4056 பலகையில் பாதுகாப்புச் சுற்று உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

இனித்தான் கவனம். அந்த அம்பிளிபயரில் ஸ்பீக்கரின் கழித்தல் முனை பூமி முனை (பற்றரியின் கழித்தலோடு சேரும் பொது முனை) அல்ல. பழைய பழக்கத்தில் இரண்டு பக்கக் கழித்தல் வயர்களையும் ஒன்றாக முறுக்கி நானே இரண்டு பலகை எரித்தேன். உங்களுக்கு ஒரு ஸ்பீக்கர்தானே? போனில் இருந்து வரும் இடது, வலது வயர்களை நேரே சேர்க்காமல், ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் தடை போட்டுச் சேர்த்து ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுங்கள்.

பன்றி பாட்டுக்குப் பயந்து ஓடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நாலு இரவில் பழகிவிடும். யானை வந்தால் பாட்டை நிறுத்திவிட்டுப் பரணிலேயே இருங்கள்.

கேள்வி: பழைய லப்டொப் பற்றரியை உடைத்துச் செல் எடுக்கலாமா?
(வாசகி, துணுக்காய்)

பதில்: எடுக்கலாம் தங்கச்சி, ஆனால் கத்தியால் குத்தாமல். செல்லில் ஓட்டை விழுந்தால் நெருப்பு. 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடப்பதையும், சார்ஜ் ஏறும்போது கையில் சுடுவதையும் ஒதுக்குங்கள். செல்லின் தலையில் நேரே சோல்டர் வைக்காமல், ஏற்கனவே ஒட்டியிருக்கும் நிக்கல் பட்டியை விட்டுவைத்து அதில் வையுங்கள். மூன்று செல்லைத் தொடராக இணைக்கும் யோசனை இருந்தால் அதற்குரிய பாதுகாப்புப் பலகையும் 12.6 வோல்ட் சார்ஜரும் இல்லாமல் தொடங்கவேண்டாம்.

கேள்வி: நான் செய்த பெட்டியின் பற்றரியிலேயே போனையும் சார்ஜ் செய்துகொண்டு பாட்டுப் போட்டால் 'கீ' என்று ஒரு சத்தம் கூடவே வருகிறது.
(வாசகர், முழங்காவில்)

பதில்: சார்ஜ் வயரும் பாட்டு வயரும் ஒரே பூமி முனையைச் சுற்றி வளையம் போடுவதால் வருவது. போனைத் தனியாக சார்ஜ் செய்துவிட்டுப் பிறகு பாட்டைப் போடுங்கள்.