ஒன்பது பாட்டையும் விற்று நகையை மீட்கலாமா?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் இருந்து எழுதுகிறேன், வயது 31. சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, கிற்றாரோடு பாடுகிறவன். இதுதான் தொழில். பாசிக்குடா, அறுகம்பே ஹோட்டல்கள், கலியாண வீடுகள், கோயில் திருவிழாக்கள் என்று சித்திரையில் இருந்து புரட்டாசி வரை மாதம் 1,10,000 ரூபாய் அளவில் வரும். மழை தொடங்கிவிட்டால் 30,000 கிடைத்தாலே பெரிது. யூரியூப், ஸ்பொட்டிஃபை எல்லாம் சேர்த்து மாதம் வரும் 35 டொலரும் இதற்குள் அடக்கம். வீட்டுச் செலவு 58,000. மைக், சவுண்ட் கார்ட், ஸ்பீக்கர் வாங்குவதற்காக ஒன்பது மாதத்துக்கு முன் மனைவியின் நகையை மூன்று சீட்டாக (2 இலட்சம், 1 இலட்சத்து 20 ஆயிரம், 80 ஆயிரம்) அடகு வைத்தேன், வருட வட்டி 15 வீதம். நிலையான வைப்பில் 2,25,000 இருக்கிறது, அதற்கு 8 வீதம். இப்போது கனடாவில் ஒருவர் என் ஒன்பது பாட்டுகளையும் முழு உரிமையோடு 5 இலட்சத்துக்குக் கேட்கிறார். கொடுத்துவிட்டு நகையை மீட்டு, மனைவி பெயரில் 6 இலட்சம் கடன் எடுத்து வீட்டின் முன்னறையை ஸ்டூடியோ ஆக்கலாமா? பாட்டெல்லாம் என்னுடையதுதான், மூன்று பாட்டின் வரிகள் மட்டும் திருக்கோவில் நண்பன் எழுதியவை.

பதில்: பாட்டை விற்க வேண்டாம் தம்பி, கடனும் எடுக்க வேண்டாம். நகையை மட்டும் மீளுங்கள். அதற்குப் பாட்டில் கை வைக்கத் தேவையில்லை, உங்கள் கணக்கிலேயே வழி இருக்கிறது.

முதலில் அந்த நிலையான வைப்பு. 2,25,000க்கு 8 வீதம் என்றால் வருடத்துக்கு 18,000 வருகிறது. அதே தொகைக்கு அடகுக் கடையில் நீங்கள் கட்டுவது 33,750. அதாவது ஒரு கையால் வாங்கி மறு கையால் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், "பேங்கில் காசு இருக்கிறது" என்ற நிம்மதிக்காக. வைப்பை உடையுங்கள். காலத்துக்கு முன் எடுத்தால் வட்டியில் கொஞ்சம் வெட்டுவார்கள், பரவாயில்லை. சின்னச் சீட்டுகள் இரண்டும் சேர்ந்து 2 இலட்சம், ஒன்பது மாத வட்டி 22,500, ஆக மொத்தம் 2,22,500. கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. மூன்று சீட்டாக வைத்தது நல்ல வேலை. ஒரே சீட்டாக இருந்திருந்தால் இப்படிப் பகுதி பகுதியாக மீட்க இவ்வளவு வசதி இருந்திருக்காது.

மிச்சம் பெரிய சீட்டு, 2 இலட்சம். ஒரு வருடம் முடிவதற்குள் வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துவிடுங்கள், ஏலத்துக்குப் போக விடக்கூடாது. அப்புறம் சீசன் காசு. சீசனில் செலவு போக மாதம் 52,000 மிஞ்ச வேண்டும், ஆறு மாதத்துக்கு 3,12,000. மழைக்காலத்தில் மாதம் 28,000 பள்ளம் விழுகிறது, ஆறு மாதத்துக்கு 1,68,000. இரண்டையும் கழித்தால் நிற்பது 1,44,000தான், பெரிய சீட்டுக்கு இது காணாது. ஐப்பசி பிறந்ததும் கை வறண்டு போவது ஏன் என்பதும், கனடாக்காரரின் 5 இலட்சம் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. உங்களுக்கு வருமானம் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். அது ஆறு மாதத்தில் வந்து பன்னிரண்டு மாதத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே பள்ளத்தைச் சிறிதாக்க வேண்டும். மழைக்காலத்தில் எட்டுப் பிள்ளைகளுக்குக் கிற்றார் வகுப்பு எடுங்கள், ஆளுக்கு மாதம் 2,000. கல்லடியிலேயே விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பிப்பது அந்தப் பக்கத்துப் பெற்றோருக்குப் புதிய விஷயம் இல்லை. "நான் பாட்டுக்காரன், வாத்தியார் இல்லை" என்று உங்களுக்குத் தோன்றலாம், தோன்றட்டும். மாதம் 16,000 வந்தால் பள்ளம் 28,000இல் இருந்து 12,000 ஆகிவிடும். ஆறு மாதத்துக்கு வெறும் 72,000. அப்படியென்றால் சீசன் மிச்சத்தில் 2,40,000 நகைக்குப் போகலாம், மாதம் 40,000 நகைக்கு, 12,000 மழைக்கு. மழைக்கான காசை ஏடிஎம் கார்ட் இல்லாத தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். பெரிய சீட்டின் முதலும் இதுவரையான வட்டியும் இனி ஏறப்போகும் வட்டியும் சேர்ந்து 2,30,000 அளவில்தான் வரும். புரட்டாசிக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

ஒரு நிபந்தனை. நீங்கள் சொன்ன 1,10,000 உண்மையிலேயே கையில் நிற்கிற காசா? பாட்டுக்காரர்கள் பேசிய தொகையைத்தான் வருமானம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு அறுகம்பே இரவை எடுத்துப் பாருங்கள். 18,000 பேசிப் போகிறீர்கள், கூட வந்து கஹோன் (பெட்டி மேளம்) தட்டுகிற தம்பிக்கு 5,000, கல்லடியில் இருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் போய்த் திரும்ப வாகனச் செலவு 4,000, வழியில் அக்கரைப்பற்றில் சாப்பாடு, அறுந்த தந்திக்குப் புதுத் தந்தி, வீடு வரும்போது 8,000 இருந்தால் அதிர்ஷ்டம். பாசிக்குடாவுக்குக் குறைவாகப் பேசினாலும் பக்கம் என்பதால் அதே காசு மிஞ்சும், நித்திரையும் மிஞ்சும். ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி) வாங்கி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பேசியது, வந்தது, செலவு, நின்றது என்று நாலு கட்டம் போட்டு எழுதுங்கள். கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் பாதிக் காசு முற்பணம் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள், கோயில் என்றாலும் சரி. சாமி காரியத்துக்கு முற்பணம் கேட்பதா என்று கூச்சப்படுகிறீர்கள், பந்தல்காரர் கூச்சப்படுகிறாரா?

இனி பாட்டு. ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது, வரியும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. "முழு உரிமை" என்று எழுதிக் கையொப்பம் வைத்தால் இரண்டும் போய்விடும். அதற்குப் பிறகு பாசிக்குடாவில் உங்கள் பாட்டை நீங்களே பாடுவதற்கும் சட்டப்படி அவரிடம் அனுமதி கேட்க வேண்டி வரும். அவர் பதிவை யூரியூபில் உரிமை கோரினால் உங்கள் சனலில் இருக்கிற உங்கள் வீடியோவின் விளம்பரக் காசு அவருக்குப் போகும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுளும் அதற்கு மேல் 70 வருடமும் பாட்டுக்கு உரிமை உண்டு. எங்கும் பதிய வேண்டியதில்லை, பாட்டு உருவானதுமே உரிமை பிறந்துவிடும். உங்கள் பெயரைப் போடச் சொல்லும் உரிமை விற்ற பிறகும் உங்களிடம் இருக்கும், ஆனால் பெயரை வைத்து அரிசி வாங்க முடியாது.

விலை சரியா என்று பாருங்கள். 35 டொலரை 300 ரூபாய்ப்படி பெருக்கினால் மாதம் 10,500. 5 இலட்சம் என்பது நாலு வருடத்துக்கும் குறைந்த வருமானம். பாட்டுப் பழசானால் கேட்பவர்கள் குறைவார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஹோட்டல்காரர் உங்களைக் கூப்பிடுவதும் கலியாண வீட்டில் "அந்தப் பாட்டைப் பாடுங்கோ" என்பதும் அதே ஒன்பது பாட்டுக்காகத்தான், அந்தக் காசு 35 டொலருக்குள் தெரியாது.

அத்தோடு, ஒன்பதையும் விற்க உங்களாலேயே முடியாது. மூன்றின் வரிகள் நண்பருடையவை என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவர் கையொப்பம் இல்லாமல் அந்த மூன்றையும் விற்றால் காசும் பிரச்சினை, சிநேகிதமும் பிரச்சினை. வரிக்கு எத்தனை வீதம், மெட்டுக்கு எத்தனை வீதம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள்.

கனடாக்காரரை விரட்டச் சொல்லவில்லை. பாட்டு எதற்கு என்று கேளுங்கள். குறும்படத்துக்கா, தானே பாடி வெளியிடவா, சனலில் போடவா? எதுவாக இருந்தாலும் விற்காமல் அனுமதி கொடுக்கலாம். முழுக்க உங்களுடையதான ஆறு பாட்டில் இரண்டை, மூன்று வருடத்துக்கு, அந்த ஒரு தேவைக்கு மட்டும், நீங்கள் தொடர்ந்து பாடுவதற்கும் உங்கள் சனலில் வைத்திருப்பதற்கும் தடையில்லை என்ற வரியோடு, ஒரு இலட்சமோ ஒன்றரை இலட்சமோ கேளுங்கள். வந்தால், உடைத்த வைப்பின் இடத்தில் ஆத்திர அவசரத்துக்கு அதைப் போட்டு வையுங்கள். "ஒன்பதும் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம்" என்றால் போகட்டும், உங்கள் திட்டம் அவர் காசை நம்பி நிற்கவில்லை.

ஸ்டூடியோவுக்கு ஒரே வரிதான்: நகை வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம் கடனில்லாமல் கழிந்த பிறகு பேசலாம். அதுவும் மனைவி பெயரில் கடனா? இந்த மாவட்டத்தில் பெண்கள் பெயரில் எடுத்த நுண்கடன் எத்தனை வீட்டு நித்திரையைக் கெடுத்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுக்கிறார்கள், அதனால் வாடகை கட்டாமல் பாட்டுத் தொழில் செய்கிறீர்கள். கொழும்பில் இருக்கிற உங்களைப் போன்ற ஒருவருக்கு இல்லாத மூலதனம் அது. அந்த வீட்டின் மேல் கடன் ஏற்றாதீர்கள். பதிவு செய்ய வேண்டுமென்றால் இருக்கிற மைக்கோடு, ஜன்னலுக்குத் தடித்த துணி போட்டு, இரவில் செய்யுங்கள்.

வரியை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் வருட வருமானம் 8,40,000. 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரை தனிநபர் வருமானத்துக்கு வரி இல்லை. வரி இலக்கம் மட்டும் எடுத்து வையுங்கள். சேமிப்பு வட்டியில் வங்கி 10 வீதம் பிடிக்கும், வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவு என்று சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்காது. யூரியூபில் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பினீர்களா என்றும் பாருங்கள், நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்தில் 24 வீதம் வரை வெட்டலாம். ஸ்பொட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்குக் காசே இல்லை, ஆகவே ஒன்பதில் எவை உண்மையில் சம்பாதிக்கின்றன என்று தனித்தனியாகப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

வயதான காலத்துக்கு ஊழியர் சேமலாப நிதி உங்களுக்கு இல்லை. சுயதொழில் செய்கிறவர்களுக்குச் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் கேட்டால் விபரம் சொல்வார்கள். நகை வந்த அடுத்த மாதம் போய்க் கேளுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது: வங்கிக்குப் போய் வைப்பை உடைத்தால் எவ்வளவு கையில் வரும் என்று கேட்பது, அடகுக் கடையில் மூன்று சீட்டின் இன்றைய வட்டியை எழுதி வாங்குவது, திருக்கோவிலுக்குப் போய் நண்பரோடு அந்தத் தாளில் கையொப்பம் வைப்பது. கனடாவுக்குப் பதில் அதற்குப் பிறகு எழுதலாம்.